எடுக்காத போன்

எங்கள் தெருவில் என் பெயர் பில்லக்கா. முப்பத்தொரு வருஷம் தொலைபேசி அலுவலகத்தில் பில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கே ஒரு போன் ஆபீஸ்தான் இருந்த காலம் அது. பில்லைப் பார்த்து யாருக்குக் கோபம் வந்தாலும் என் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும், வேறு எங்கே போவார்கள்? வாங்கிக் கட்டிக்கொண்டு, திருப்பியும் கொடுத்துப் பழகிவிட்டேன். அறுபதில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோபமும், எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற வியாதியும் என்னோடு கூடவே வந்துவிட்டன.

நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே கண்ணாடிக்காரி. முன்னறைதான் கடை. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பாள். கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், செத்துப்போனவர் படம், எல்லாம் அவள் மேஜைக்கு வந்துதான் சுவருக்குப் போகும். புருஷன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் வாசம். ஒரே மகள் துணிக்கடையில் நிற்கிறாள்.

அவள் கண்ணாடி அறுப்பதை நான் சளைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். மேஜையில் பழைய கம்பளியை விரித்துக் கண்ணாடியைக் கிடத்துவாள். கட்டரின் முனையை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொள்வாள். அளவுகோலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பு. கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். போன கோட்டிலேயே இரண்டாம் தடவை இழுத்தால் கண்ணாடி கோணல்மாணலாக உடையும் என்பாள். பிறகு அடியில் லேசாகத் தட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு மடக்கு. கேட்டபடி இரண்டாகி வரும்.

அந்த மேஜைக்கு மேலே ஒரு பலகையில் போன் இருந்தது. நான் குடிவந்த முதல் வாரம், அது இரண்டு தடவை அடித்து நின்றது. அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஏம்மா, போன் அடிச்சுதே, எடுக்கலையா?"

"எடுக்கக் கூடாதுக்கா. அவர்தான். ஊர் போய்ச் சேர்ந்துட்டாராம்."

"எடுக்காமலே எப்படித் தெரியும்?"

"ரெண்டு ரிங் அடிச்சுதே."

விஷயம் இதுதான். ஒரு ரிங் என்றால் சரக்கு ஏற்றிக் கிளம்பியாயிற்று. இரண்டென்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. மூன்றென்றால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார், உலை வைக்கலாம். நான்கென்றால் ஒரு நாள் தாமதம். ஐந்தென்றால் ஏதோ ஆபத்து, உடனே லாரி ஆபீசுக்குச் சொல்லவேண்டும். கல்யாணமான வருஷம் பேசி வைத்துக்கொண்டதாம். வெளியூர்ப் பேச்சு அப்போது தங்க விலை. எடுக்காத போனுக்குக் காசு கிடையாது.

எனக்குச் சுருக்கென்றது. "அடிப்பாவி, இப்படித்தான் ஊர்ல பாதிப் பேர் எங்க ஆபீஸை ஏமாத்தினீங்களா?"

"இதுல என்னக்கா ஏமாத்து? நாங்க ஒரு வார்த்தை பேசினோமா? பேசாததுக்கு எப்படிக் காசு கேப்பீங்க?"

முப்பத்தொரு வருஷத்தில் என் ஜன்னலில் யாரும் என் வாயை அப்படி அடைத்ததில்லை. அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஐந்தாவது ரிங்கை அவர் ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மலைப்பாதை அடிவாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு போன் கடைக்குள் போய் இந்த எண்ணைச் சுழற்றியிருக்கிறார். ஐந்து எண்ணி வைத்துவிட்டு அங்கேயே சரிந்துவிட்டார். இவள் லாரி ஆபீசுக்கு ஓட, அவர்கள் அந்தப் பக்கத்து ஆளை அனுப்ப, ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். சாகப்போகிற நேரத்திலும் மனுஷன் நாலைந்து வார்த்தை பேசலாமென்று நினைக்கவில்லை பாருங்கள். அதன் பிறகு அந்த போன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் இவள் கை அந்தரத்தில் நின்றுவிடும். இரண்டோடு நின்றால்தான் மூச்சு விடுவாள். அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இன்னமும் வண்டி ஓட்டுகிறார், வேறு தொழில் தெரியாது.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் பில்.

"அக்கா, இது எந்த ஊர் நியாயம்? போன் மலிஞ்சு போச்சு, மலிஞ்சு போச்சுன்னு ஊரே பேசுது. எனக்கு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. முன்னாடி மாசம் ஒரு சட்டம் போட்ட கூலி போன்காரனுக்குப் போகும். இப்போ மூணு சட்டம். நான் யாருக்காவது போன் பண்றேனா, சொல்லுங்க."

பில்லை வாங்கிப் பார்த்தேன். பேச்சுக் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம். வாடகை என்ற இடத்தில்தான் அந்த மூன்று சட்டமும். எனக்கு மண்டை காய்ந்தது. மறுநாளே பழைய ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். என் ஜன்னலை அடைத்துப் பலகை அடித்திருந்தார்கள். என்னிடம் வேலை கற்ற ஒருத்தி மட்டும் உள்ளே தெரிந்தாள். அரைநாள் அவளைக் குடைந்து எடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொன்னேன். "இங்க பாரு. அந்தக் காலத்துல வெளியூருக்குப் பேசுறவன்கிட்ட நாங்க தீட்டித்தான் வாங்கினோம். மொத்த வியாபாரி ஒருத்தர் பத்து நிமிஷம் கத்தினா அதுல உன் வீட்டு போன் ஒரு மாசம் அடிக்கும். அவர் காசுல உன் வாடகையைக் குறைச்சு வெச்சிருந்தோம். உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

"யாரந்த மகராசன்?"

"எவனோ. இப்போ யார் வேணாலும் போன் கம்பெனி வைக்கலாம்னு அரசாங்கத்துல சட்டத்தை மாத்திட்டாங்களா, அஞ்சு கம்பெனி வந்துச்சு. வந்தவன் முதல்ல யாரைக் கூட்டிக்கிட்டுப் போவான்? உன்னையா? அந்த வியாபாரியைத்தான். பாதி விலை, கால் விலைன்னு அவரைத் தூக்கிட்டான். ஆபீஸ் என்ன பண்ணும்? கம்பிக்கு ஆகுற செலவைக் கம்பி வெச்சிருக்கிறவங்க தலையிலயே கட்டிட்டுது."

கட்டரைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "அப்போ நிறையப் பேசுறவனுக்குக் குறைஞ்சுது. பேசாம இருக்கிறவளுக்கு ஏறுச்சு."

"அதேதான்."

"இத்தனை வருஷம் எவனோ பேசின பேச்சுலதான் என் புருஷன் பத்திரமா இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுதா?"

"ஆமா."

"நல்லா இருக்கட்டும் அந்த ஆளு," என்றாள். அதோடு அந்த வியாபாரியை விட்டுவிட்டாள்.

மகள் விடவில்லை. "அம்மா, இன்னும் அந்தப் பழைய ஆபீஸையே கட்டிக்கிட்டு அழறியே. புதுக் கம்பெனிக்கு மாறலாம். அதே நம்பர், ஒரு சட்டம்தான் வாடகை, போன்பெட்டியும் அவங்களே குடுப்பாங்க," என்றாள். அடுத்த வாரம் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு விற்பனைக்காரரைக் கூட்டி வந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். நான் கேட்ட பதினாறு கேள்விக்கும் "கவலையே வேண்டாம் மேடம்" என்ற ஒரே பதிலைச் சொன்னார். தாளின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்ததைப் படிக்க நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து வருவதற்குள் இவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

புது போன் வெள்ளையாக, சின்னத் திரையோடு வந்தது. யார் கூப்பிட்டாலும் எண் அதில் விழும். வந்த மூன்றாம் நாள் ஏதோ கேட்டுப்போக நான் இறங்கியபோது அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் எடுத்தாள். எடுத்து, எதையோ அழுத்தி, வைத்தாள்.

"யாரும்மா?"

"யாரோ ஒரு பொண்ணுக்கா. ஒண்ணை அழுத்து, ஒண்ணை அழுத்துன்னு உயிரை வாங்குனா. போய்த் தொலையட்டும்னு அழுத்திட்டேன்."

எது போய்த் தொலையட்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் தோண்டித் துருவுகிற நான் அதை விட்டதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இரண்டு நாள் கழித்து அவர் உள்ளூரிலேயே சரக்கேற்றி, வீட்டில் சொல்லிவிட்டே கிளம்பினார். தூரத்துத் துறைமுகம். போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆகும். அந்த மறுநாள் காலையிலிருந்தே மழை. மழை நாளில் அட்டை பதத்துப்போகும், பசை காயாது. ஆனாலும் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் அவசரம் என்று ஒரு குழுப்படம் கொடுத்திருந்தார்கள். முந்நூறு பிள்ளைகள் நிற்கிற படம். கதவளவு கண்ணாடி வேண்டும். ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவள் அளவெடுத்துக் கோல் வைத்து, பாதி தூரம் இழுத்திருப்பாள். போன் அடித்தது.

ஒன்று. கட்டர் நின்றது. இரண்டு. அவள் மூச்சு விடப் போனாள். மூன்று.

"என்னது, திரும்புறாரா? இன்னும் போய்ச் சேரவே இல்லையே."

நான்கு. ஐந்து.

அவள் முகம் வெளுத்துவிட்டது. நின்றுவிடும் என்று நானும் காத்திருந்தேன். நிற்கவில்லை. ஆறு. ஏழு.

"எடும்மா!" என்று கத்தினேன்.

"பேசாதீங்கக்கா, எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அவள் கை போனுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. பதினெட்டு வருஷம் எடுக்கக் கூடாது என்று பழக்கிய கை. நான் எட்டி எடுக்கலாமென்றால் கண்ணாடி என் இரண்டு கையிலும் இருக்கிறது. ஒன்பது அடித்து நின்றது.

"அஞ்சுக்கே அன்னைக்கு அப்படின்னா," என்றாள். கட்டரைக் கீழே போட்டாள். அது நேராகக் கோட்டின் மேல் விழுந்தது. கதவளவு கண்ணாடி என் கைக்கும் மேஜைக்கும் நடுவில் மூன்று துண்டாகப் போயிற்று.

அவள் கண்ணாடித் துண்டுகளைச் செருப்பில்லாமலே மிதிக்கப் போனாள். பிடித்து நிறுத்தி, லாரி ஆபீஸ் எண்ணை நானே அடித்துக் கொடுத்தேன். அங்கே இருந்த குமாஸ்தா ஆற அமரச் சொன்னார். "இன்னும் வந்து சேர்ந்ததா தகவல் இல்லம்மா. தெரிஞ்சா சொல்றோம்."

"ஒன்பது அடிச்சார் அண்ணே."

"என்னது?"

அந்த ஆளுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? போனை வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கையை நீட்டினேனே அக்கா. இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா அவர் குரலாவது கேட்டிருக்கும். எண்ணிக்கிட்டு நின்னேனே, பாவி." அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்தச் சின்னத் திரை என் கண்ணில் பட்டது. ஒன்பது அடித்த எண் அதில் இருந்தது. என் காலத்தில் ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். நான் அதை அழுத்தினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று.

"போன் கடை," என்றது ஒரு ஆண் குரல். பின்னால் தம்ளர்கள் மோதுகிற சத்தம்.

"ஐயா, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி உங்க கடையிலேருந்து இந்த நம்பருக்கு யாரோ அடிச்சாங்க. லாரி டிரைவர். அவருக்கு என்ன ஆச்சு?"

"அட, ரெண்டு ரிங் வீடா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பதினெட்டு வருஷமா இந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேம்மா. வருவாரு, அடிப்பாரு, ரெண்டோட வெச்சிடுவாரு. ஒரு பைசா வாங்கினதில்ல. அதுக்கு ஈடா ரெண்டு டீ குடிச்சிடுவாரு."

"ஐயா, அவர் எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. எதிர்ல உக்காந்து சாப்பிடுறாரு. இன்னைக்கு உங்க வீட்டு போன்ல ரிங்கே கேக்கலையாம். பாட்டு கேக்குதாம். என் காதுலயும் வெச்சுக் காட்டினாரு. நல்ல பாட்டும்மா. அது முடிஞ்சுதான் ரிங் வரும்போலன்னு நின்னுக்கிட்டே இருந்தாரு. பாட்டு திடீர்னு நின்னுடுச்சு, அவரும் வெச்சுட்டாரு. கூப்பிடவா?"

ஒன்றை அழுத்து என்று அந்தப் பெண் உயிரை வாங்கியது எதற்கென்று எனக்கு அந்த நொடியில் விளங்கியது. அடிக்கிறவன் காதில் மணிக்குப் பதில் பாட்டு. அவனால் எண்ண முடியாது. எண்ணத் தெரியாதவன் எங்கே வைப்பான்?

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இவளிடம் சொன்னேன். "நல்லா இருக்காராம். சாப்பிடுறாராம். பேசுறியா, கூப்பிடச் சொல்றேன்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். போன உயிர் திரும்பி வருவதை நான் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாங்க்கா. சாப்பாட்டுல உக்காந்திருக்கிறவரை எழுப்ப வேணாம்."

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தபோது கடை வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். "பாட்டு கேட்டீங்களாக்கும் பாட்டு? இங்க ஒருத்தி நெருப்புல நிக்கிற மாதிரி நிக்கிறேன், அங்க உங்களுக்குப் பாட்டுக் கச்சேரி!"

"எனக்கு என்னடி தெரியும்? நீதான் புதுசா வெச்சிருக்கேன்னு நெனச்சேன். கேக்க நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சாம்."

"நீ எடுத்திருக்கலாம்ல?"

"நீங்க பேசியிருக்கலாம்ல, அன்னைக்கு நெஞ்சு வலிச்சப்போ?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் படியேறி என் வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

பாட்டை நிறுத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கம்பெனிக்கு போன் போட்டால் அதை அழுத்து, இதை அழுத்து என்று ஒரு குரல் என்னைத் தெருத்தெருவாகச் சுற்ற விட்டது. நீங்கள் எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நாற்பது நிமிஷம் சொன்னது. என் ஜன்னலில் திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்தது. கடைசியில் வந்த பெண்ணிடம் நான் பேசிய பேச்சுக்கு அவள் பாட்டை நிறுத்தினாள், ஆனால் மாதம் தொடங்கிவிட்டதால் பாட்டுக்கான அரைச் சட்டக் காசை நிறுத்த மாட்டேன் என்றாள். பில் வந்தபோது பாட்டுக்கு, பெட்டிக்கு, பராமரிப்புக்கு என்று தனித்தனியாக ஏறி, ஒரு சட்டம் இரண்டரைச் சட்டமாகி நின்றது. எறும்பு ஊர்ந்த பக்கத்தில் எல்லாம் இருந்தது.

இதற்கு நடுவில் அவர் இன்னொரு சேதி கொண்டுவந்தார். அந்த போன் கடைக்காரர் போனை எடுத்துவிடப் போகிறார். எல்லாரும் கையில் போனோடு வருகிறார்களாம், டீ மட்டும்தான் ஓடுகிறதாம். வழிநெடுக எல்லாக் கடையும் அப்படித்தானாம்.

"அப்போ எங்கேருந்து ரிங் அடிப்பீங்க?" என்றாள் இவள். குரல் மறுபடி இறங்கிவிட்டது.

மகள்தான் வழி சொன்னாள். அதே கம்பெனியில் அப்பாவுக்கு ஒரு கைப்பேசி. இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் ஒன்றுக்கொன்று எவ்வளவு நேரம் பேசினாலும் காசில்லை. இந்தத் தடவை எறும்பு ஊர்ந்த பக்கத்தை நான் வரி விடாமல் படித்தேன். வேண்டாததையெல்லாம் கோடு போட்டு அடித்த பிறகுதான் கையெழுத்துப் போட விட்டேன். இரண்டு போனுக்கும் சேர்த்து மாதம் மூன்று சட்டம்.

"பழைய ஆபீஸ்லயும் மூணு சட்டம்தானே கேட்டாங்க?" என்றாள் இவள்.

"ஆமா."

"அப்போ மலிஞ்சுதா, ஏறுச்சா?"

முப்பத்தொரு வருஷம் பில் பார்த்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

கைப்பேசி வந்ததுதான் மிச்சம். மனுஷன் அதிலிருந்தும் இரண்டு ரிங் அடித்துத்தான் வைத்தார். கிளம்பினால் ஒன்று, சேர்ந்தால் இரண்டு. இவளும் எடுக்கவில்லை. பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, காசு குடுத்தாச்சு. நாள் பூரா பேசலாம். பேசினா என்ன?"

"என்ன பேசுறதுக்கா?" என்றாள். பிகு பண்ணிக்கொண்டு கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "ஹலோன்னு சொல்லணும். அப்புறம்?"

அப்புறம் என்ன என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. புருஷன் போன பிறகு நான் வீட்டில் போனே வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். மத்தியானம், நல்ல வெயில். சாவித்துளையில் உடைந்த கம்பியை எடுக்க ஒரு குறடு கேட்டு இறங்கினேன். அவள் பள்ளிக்கூடத்துப் படத்துக்குப் புதுக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தாள். போன் ரிசீவர் பலகையில் இல்லை. கம்பி நீண்டு, மேஜையில் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு மடித்த துணியின் மேல் மல்லாந்து கிடந்தது.

எடுத்து வைத்த போனைக் கண்டால் என் கை தானாகப் போகும். அத்தனை வருஷத்துப் பழக்கம். எடுத்து அதனிடத்தில் வைக்கப் போனேன்.

"வைக்காதீங்கக்கா," என்றாள் மெதுவாக.

"யாரு லைன்ல?"

"அவர்தான்."

"என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் எதுக்கு இப்படிப் போட்டு வெச்சிருக்கே?"

கோலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கிர்ர் என்று நீளமாகப் போயிற்று. துணியின் மேல் கிடந்த ரிசீவரிலிருந்து ஒரு தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இருக்கட்டும்க்கா," என்றாள். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."